மஞ்சள் கால்

வெர்னா ராஃப்யூஸ் நாலு வருஷமாக ஒரே ஒரு ஆள்மேல் கறுவிக்கொண்டிருந்தாள். க்ளைட் ஐஸ்னர் என்று பேர். அவள் வயலுக்கு அடுத்த வயல்காரன், அவளோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவன், டோரி கார்னரில் கழுகு பார்க்கும் சங்கத்துக்குத் தலைவன்.

கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் பிப்ரவரி வந்துவிட்டால் டோரி கார்னர் கோழிப்பண்ணைக்காரர்கள் செத்த கோழிகளை வயலில் வீசுவார்கள். கடலோரத்திலிருந்து வெண்தலைக் கழுகுகள் கூட்டம் கூட்டமாக வந்து எல்ம் மரங்களில் உட்காரும். கழுகு பார்க்க ஹாலிஃபாக்ஸிலிருந்து கார்கள் வரும். வந்தவர்களுக்கு ஊர் ஹாலில் பான்கேக்கும் மேப்பிள் பாகும் போடுவார்கள். அன்றன்றைக்கு என்னென்ன கழுகு பார்த்தோம் என்று ஹாலின் கரும்பலகையில் எழுதுவது க்ளைட். அந்தச் சாக்கட்டியை வேறு யாரும் தொட முடியாது.

வெர்னாவின் புருஷன் மர்ரியைப் புதைத்து ஒரு வாரம்கூட ஆகாத ஒரு காலையில், அவள் வயலில் ஒரு பொன்கழுகு இறங்கியது. அந்தப் பக்கம் பொன்கழுகு வருவதே அபூர்வம். துக்கத்தில் சோறு தண்ணி இறங்காமல் கிடந்தவள், பனிப்பூட்ஸைக்கூடக் கழற்றாமல் ஹாலுக்குள் ஓடினாள். யாரிடமாவது ஒரு நல்ல சேதி சொல்லவேண்டும்போல் இருந்தது அவளுக்கு.

க்ளைட் வாயில் பான்கேக்கோடு சிரித்தான். "வெர்னா, அது வெண்தலையோட குஞ்சு. தலை வெளுக்க அஞ்சு வருஷம் ஆகும், அதுவரைக்கும் மேலெல்லாம் பழுப்பாத்தான் இருக்கும்னு உனக்குத் தெரியாதா? மர்ரி போனதுலேர்ந்து பாவம், பாக்குறதெல்லாம் பொன்னாத் தெரியுது. இன்ஷூரன்ஸ் பணம் வந்துருச்சு போல!"

ஹால் குலுங்கிச் சிரித்தது. குஞ்சு வெண்தலையைப் பொன்கழுகு என்று சொல்வது பட்டணத்துக்காரன் முதல் நாள் செய்கிற தப்பு. முப்பது வருஷம் கழுகுகளுக்குக் கோழி போட்டவளைப் பார்த்து அதைச் சொன்னால், வாத்தியாரைப் பார்த்து உனக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்று சொன்ன மாதிரி. அன்றைக்கே அவன் ஒரு சட்டமும் போட்டான்: அபூர்வமான பறவை எதுவானாலும் ரெண்டு பேர் பார்த்துச் சொன்னால்தான் பலகையில் ஏறும். அதிலிருந்து ஊரில் அவளுக்குத் தங்கம் என்று கேலிப்பேர். கடையில் முட்டை இறக்கப் போனாலும் "வா தங்கம்", தபாலாபீசிலும் "என்ன தங்கம்". மர்ரிக்காக அழவேண்டிய நாளையெல்லாம் அவள் க்ளைட்டை நினைத்துப் பல்லைக் கடித்தே கழித்தாள். அதை மட்டும் அவள் மன்னிப்பதாக இல்லை.

இந்த வருஷம் ஒரு சனிக்கிழமை காலை, டிராக்டரில் செத்த கோழிகளை ஏற்றிக்கொண்டு அவள் வயலுக்குப் போனபோது, வேலியோரம் க்ளைட்டின் பிக்கப் வண்டி நின்றது. அவன் தொலைநோக்கியை முக்காலியில் நிறுத்திவைத்துக்கொண்டு கையைக் கையை ஆட்டினான்.

"வெர்னா! எஞ்சினை நிறுத்து! மெதுவா வா, மெதுவா!"

"என்னய்யா, மாரடைப்பா?" என்றாள் அவள். அப்படி இருந்தாலும் அவளுக்கு ஆட்சேபணை இல்லை.

"கடைசிக் கம்பத்துல பாரு. பேசாத. பாரு."

அவள் குனிந்து கண்ணை வைத்தாள். பழுப்பு நிறக் கழுகு. பிடரியில் வெயில் பட்டதும் அது பித்தளை விளக்கைத் தேய்த்த மாதிரி மின்னியது. வெண்தலைக்கு இருக்கிற பெரிய மூக்கு இல்லை. கம்பத்தின்மேல் நின்ற காலைப் பார்த்தாள். வெண்தலைக்குக் கீழ்க்கால் வழுக்கையாக, மஞ்சளாக இருக்கும்; குஞ்சானாலும் அப்படித்தான். இதற்கு விரல் வரைக்கும் இறகு, கம்பளிக் காலுறை போட்ட மாதிரி. அது இறக்கையை விரித்து எழும்பியபோது, குஞ்சு வெண்தலைக்கு அக்குளில் இருக்கிற வெள்ளைத் திட்டு ஒன்றுகூட இல்லை. பொன்கழுகேதான்.

"பார்த்தியா?" என்றான் க்ளைட். "எழுபது வயசுக்கு இது ஒண்ணுதான் பாக்கி இருந்துச்சு. இன்னிக்குத் தலைவர் பதவியை விடுறேன்னு கேக் வெட்டப் போறாங்க, இன்னிக்கே வந்துருக்கு பாரு! நீயும் பார்த்துட்டே. ரெண்டு பேர் கணக்கு சரியாப் போச்சு."

"பார்த்தேன்" என்றாள் வெர்னா.

"இனிமே உன்னைத் தங்கம்னு கூப்பிட்டா எவனும் சிரிக்க மாட்டான். இது வருதுன்னா அன்னிக்கு நீ பார்த்ததும் நிஜமாக்கூட இருந்திருக்கலாம், இல்லையா?"

இருந்திருக்கலாமாம். வெர்னாவுக்கு உச்சந்தலை வரை எரிந்தது. நாலு வருஷம் ஊரே சிரித்ததற்கு இவன் தருகிற கூலி ஒரு 'லாம்'. மன்னிப்பு என்ற வார்த்தை அவன் வாயில் வரவே இல்லை. வரவேண்டும் என்று அவனுக்குத் தோன்றவும் இல்லை. அவன் குஷியாக வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனான். அவள் கோழிகளை ஒவ்வொன்றாக வீசினாள். என்ன செய்யப்போகிறாள் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. அதற்காக அன்றைக்குத் தான் பார்த்த பறவையையும் இழக்கவேண்டும் என்பதும் தெரிந்தது. போகட்டும் என்று நினைத்தாள். வயிறு நன்றாகப் பசித்தது.

அவள் போனபோது ஹாலில் கூட்டம் நெரிந்தது. க்ளைட் சாக்கட்டியோடு பலகை முன்னால் நின்றுகொண்டிருந்தான். அடுப்படியில் பான்கேக் திருப்பிக்கொண்டிருந்த நெட்டா, "வெர்னாக்கா, வாங்க வாங்க! உங்களுக்காகத்தான் எழுதாம நிக்கிறாரு!" என்று கரண்டியை ஆட்டினாள்.

"சொல்லு வெர்னா" என்றான் க்ளைட். கல்யாண மாப்பிள்ளை மாதிரி சிரித்தான். "நாம என்ன பார்த்தோம்?"

வெர்னா தட்டை எடுத்துக்கொண்டு, பாகை நிதானமாக ஊற்றினாள். எல்லோரும் பார்க்கட்டும் என்று காத்திருந்தாள்.

"குஞ்சு வெண்தலை" என்றாள். "காலு மஞ்சளா, வழுவழுன்னு இருந்துச்சு."

பின்னாலிருந்து ஒருவன், "க்ளைட்டுத் தங்கம்!" என்று கத்தினான். அவ்வளவுதான். சிரிப்பு கூரையில் போய் முட்டியது. நெட்டாகூட ஏப்ரனை முந்தானை மாதிரி இழுத்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

வெர்னாவுக்கு அந்தச் சிரிப்பு பாகைவிட இனித்தது. வாடா, இப்போது வா என்று மனசுக்குள் கறுவினாள். அவன் குதிப்பான், பொய்க்காரி என்பான், மேஜையைத் தட்டுவான். அதற்கெல்லாம் அவள் பதில் தயாராக வைத்திருந்தாள். மர்ரியின் பேரை அவன் வாயாலேயே மன்னிப்போடு சொல்ல வைக்கும் வரை விடுவதாக இல்லை.

க்ளைட் குதிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். மறுபடி போட்டுக்கொண்டான்.

"இறகு இருந்த மாதிரிதான் எனக்குத் தெரிஞ்சுது" என்றான், யாரிடமோ சொல்வதுபோல. "கண்புரைன்னு டாக்டர் போன வருஷமே சொன்னாரு. நாந்தான் ஆப்பரேஷனைத் தள்ளிக்கிட்டே வந்தேன்." பிறகு குரலை உயர்த்தினான். "வெர்னா சொன்னா சரிதாம்ப்பா. கோவக்காரி, ஆனா பொய் சொல்ல மாட்டா."

சாக்கட்டியை மேஜையில் வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தான். கேக் வெட்டினார்கள். அவன் தின்னவில்லை. வெர்னாவுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. சண்டை போடுடா கிழவா என்று அவள் தொண்டை வரை வந்தது. நாலு வருஷம் சேர்த்துவைத்ததை இப்படி ஒரே வார்த்தையில் ஒப்புக்கொண்டு உட்கார்ந்துவிட்டானே என்று இருந்தது. தட்டில் இருந்ததை வேண்டுமென்றே முழுசாகத் தின்று முடித்தாள்.

மத்தியானம் வெளியே வந்தபோது அவன் அவள் வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான்.

"என்னை வீட்டுல விட்டுடுறியா, வெர்னா? மஞ்சக்காலு கண்ணுக்கு முன்னாடி இருந்தும் தெரியல. இந்தக் கண்ணை வச்சுக்கிட்டு ரோட்டுல எந்தப் புள்ளையையாவது அடிச்சுட்டா? நல்லவேளை நீ சொன்னே. வேற எவனா இருந்தாலும், போறான் கிழவன்னு ஆமா போட்டிருப்பான்."

இப்போதாவது சொல்லலாம். யாரும் இல்லை, சிரிப்பதற்கும் ஆள் இல்லை. அவள் கதவைத் திறந்துவிட்டாள். "ஏறு" என்றாள்.

பாதை நெடுக அவன் தொலைநோக்கியைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டிருந்தான். அவள் வயலைத் தாண்டும்போது, ரோட்டிலிருந்து கல்லெறி தூரத்தில், கோழி ஒன்றைக் காலால் அமுக்கிக்கொண்டு அது நின்றது. வெயில் நேராக அதன்மேல் விழுந்தது. பிடரி பொன்னாக எரிந்தது. விரல் வரை இறகு மூடிய கால், தொலைநோக்கி இல்லாமலே தெரிந்தது.

க்ளைட் ஜன்னல் பக்கம் திரும்பினான். ரொம்ப நேரம் பார்த்தான். வெர்னா வண்டியின் வேகத்தைக் குறைத்தாள்.

"அதோ பாரு, நம்ம குஞ்சு வெண்தலை" என்றான். "நல்லாச் சாப்பிடுது."

"ஆமா" என்றாள் வெர்னா. ஆக்சிலரேட்டரை அழுத்தினாள்.