குச்சியைத் தாண்டிய கோடு

அந்த வருஷம் மழை நின்ற மறுவாரம், செவ்வாய்க்கிழமை வகுப்புக்கு வரும் இருபத்திரண்டு வீடுகளில் சிலவற்றில் குச்சியில் போட்டிருந்த நீலக் கோடு தானாக நகர ஆரம்பித்தது. வகுப்பு என்பது அரிவாள் செல் நோய் உள்ள குழந்தைகளைப் பெற்றவர்களுக்கானது. ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒற்றை அறை. கீழே மெஷின் ஓடினால் மேலே நாற்காலி நடுங்கும். உருண்டையாக இருக்க வேண்டிய ரத்த அணு ஏன் அரிவாளாக வளைகிறது, வளைந்தது எங்கே போய் அடைத்துக்கொள்கிறது, காய்ச்சல் வந்தால் ஏன் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது என்பதையெல்லாம் நர்ஸம்மா சொல்லிக்கொடுப்பார். "மருமக ரத்தம்தான் கெட்டது" என்று சண்டைக்கு வந்த மாமியார் ஒருவரை உட்காரவைத்து, தாய் பாதி, தகப்பன் பாதி கொடுத்தால்தான் இந்த நோய் வரும் என்று விளக்கி, அவருடைய ரத்தத்தையும் பரிசோதனைக்கு அனுப்பினார். மகனுக்குப் போன பாதி மாமியாருடையதுதான் என்று முடிவு வந்தது. அதற்கப்புறம் அந்தம்மாள் வகுப்பில் வாயைத் திறந்தது தண்ணீர் குடிக்க மட்டும்தான்.

குச்சி என்றால், டாக்டர் நாக்கை அழுத்திப் பார்க்கிற தட்டைக் குச்சி. இந்த நோயில் சின்னக் குழந்தைகளின் மண்ணீரல் சில சமயம் ரத்தத்தை உள்ளே இழுத்துக்கொண்டு வீங்கிவிடும். கவனிக்காவிட்டால் சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். அதனால் தினமும் இடது விலாவுக்குக் கீழே விரல் வைத்து, மண்ணீரல் எதுவரை தட்டுப்படுகிறது என்று குச்சியால் அளக்க வேண்டும். வழக்கமான எல்லையில் நர்ஸம்மா நீலப் பேனாவால் கோடு போட்டுக் கொடுத்திருந்தார். அதைத் தாண்டினால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், அவ்வளவுதான். கோடு நகர்வதை முதலில் பார்த்தது பஸ் டிரைவர். காலையில் கோடு ஒரு விரற்கடை இறங்கியிருந்தது, பிள்ளையின் வயிறோ எப்போதும்போல இருந்தது. சாயங்காலம் வயிறு கோட்டை எட்டிப்பிடித்தது. உடனே ரத்தம் ஏற்றியதில் பிள்ளை பிழைத்தான். அடுத்து மூன்று வீடுகளில் இதே கதை. யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. பிள்ளை பிழைத்தால் போதும் என்று கிடப்பவர்களுக்கு ஆச்சரியப்பட ஏது நேரம்? ஆனால் ஒரு தப்புச் செய்தார்கள். குச்சிதான் முன்கூட்டியே சொல்லிவிடுகிறதே என்று, வயிற்றைத் தொட்டுப் பார்ப்பதையே விட்டுவிட்டார்கள். நர்ஸம்மா தொண்டை வற்றக் கத்தினார். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

ஒரு செவ்வாயன்று வகுப்பு நடக்கும்போது, இஸ்திரிக்காரம்மாவின் மகனும் பூட்டுக்காரரின் மகளும் குச்சிகளை எடுத்துக் கத்திச்சண்டை போட்டார்கள். இருவருக்கும் மூன்று வயது. போகும்போது கையில் இருந்ததை அவரவர் அம்மா பையில் போட்டார்கள். வெள்ளிக்கிழமை காலை இஸ்திரிக்காரம்மாவின் வீட்டுக் குச்சியில் கோடு முக்கால் தூரம் போயிருந்தது. விரித்த சட்டையை விரித்தபடி விட்டுவிட்டு மகனைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். வயிறும் ரத்தமும் நன்றாகவே இருப்பதாகச் சொல்லி டாக்டர் திருப்பி அனுப்பினார். ஆஸ்பத்திரிப் படி இறங்குவதற்குள் கோடு இன்னும் ஒரு நெல் அளவு நகர்ந்தது. அவள் அழுதுகொண்டே வகுப்பு அறைக்கு வந்தாள்.

"நீ தொட்டுப் பாத்தியா?" என்றார் நர்ஸம்மா.

"குச்சிதான் சொல்லுதேம்மா."

நர்ஸம்மா பையனின் விலாவுக்குக் கீழே அழுத்திப் பார்த்தார். ஒன்றுமில்லை. பிறகு குச்சியைத் திருப்பினார். முனை முழுக்கப் பல் தடம். எதைக் கொடுத்தாலும் கடிக்கிற பழக்கம் ஒரு குழந்தைக்குத்தான் உண்டு.

"இது உன் குச்சியே இல்லடி. ஓடு!"

பூட்டுக்காரரின் மனைவி வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். "காலையிலேர்ந்து தூங்குறாக்கா. கோடு அப்படியேதான் இருக்கு, அதான் எழுப்பல," என்றாள். இஸ்திரிக்காரம்மா உள்ளே போய்ச் சிறுமியின் கவுனைத் தூக்கிக் கை வைத்தாள். தொப்புள் வரை பலகையாக இருந்தது. உதடு வெளுத்திருந்தது. ஊருக்கெல்லாம் பூட்டுப் போட்டுக் கொடுக்கிறவர் தன் கடையைத் திறந்துபோட்டபடி ஆஸ்பத்திரிக்கு ஓடினார். இரண்டாவது பை ரத்தம் ஏறும்போது, குச்சி முனைக்கு ஒரு நூல் அளவு இருக்கையில் கோடு நின்றது.

"முனையைத் தாண்டியிருந்தா என்னம்மா ஆகியிருக்கும்?" என்று அடுத்த செவ்வாயன்று பூட்டுக்காரர் கேட்டார். நர்ஸம்மா தன் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் இருந்த நீலக் கோட்டைக் காட்டினார். அதை ஏதோ பிள்ளை கிறுக்கியது என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள்.

"என் மகளோடது. கோடு போட்டுக் குடுத்தாங்க, எதுக்குன்னு யாரும் சொல்லித்தரல. அவ போன அன்னிக்குக் குச்சி முடிஞ்சு, கோடு மேசைக்கு வந்துச்சு. மேசைய இங்க கொண்டுவந்ததும் சுவத்துல ஏறிடுச்சு. வருஷத்துக்கு நாலு விரல் உசருது."

அன்றே வகுப்பில் ஒரு விதி வந்தது. எந்த வீட்டுக் குச்சியும் அந்த வீட்டில் இருக்கக் கூடாது. சொந்தப் பிள்ளைக்குக் கை, அடுத்தவர் பிள்ளைக்குக் குச்சி. டிரைவரின் குச்சி அந்தச் சண்டைக்கார மாமியாரின் வீட்டில் இருந்தது, பூட்டுக்காரரின் குச்சி இஸ்திரி மேசைக்கு மேல் ஆணியில் தொங்கியது. யாராவது மூச்சிரைக்க வந்து கதவைத் தட்டினால், என்ன ஏது என்று கேட்காமல் பிள்ளையின் சட்டையைத் தூக்கிக் காட்டப் பழகிக்கொண்டார்கள்.

அறைக்கு வெள்ளையடிக்க வந்தவர் அந்தக் கோட்டை மட்டும் விட்டுவிட்டு அடித்தார். யாரும் சொல்லவில்லை, தூரிகை அங்கே போகவில்லை என்றார். பூட்டுக்காரரின் மகளுக்கு ஏழு வயதானபோது, ஒரு செவ்வாயன்று அவளாகவே போய்ச் சுவரில் முதுகை ஒட்டி நின்றாள். கோடு சரியாக அவள் உச்சந்தலையில் இருந்தது. அவள் பக்கத்தில் யாருக்கோ இடம் விடுவதுபோலக் கொஞ்சம் நகர்ந்துகொண்டாள். நர்ஸம்மா அவளையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் நல்லா வளர்ந்திருக்கீங்க. போய்த் தண்ணி குடிங்க," என்றார்.

சிறுமி தண்ணீர்ப் பானையிலிருந்து இரண்டு டம்ளர் எடுத்து வந்து, ஒன்றைச் சுவரோரம் வைத்தாள். வகுப்பு முடிந்து டம்ளர்களைக் கழுவ எடுத்தபோது இரண்டும் காலியாக இருந்தன.