லைற் பிடித்தவர்

ஊர்காவற்றுறையிலும் வேலணையிலும் எடுத்த கலியாண வீடியோக்களில் பாதிக்கு லைற் பிடித்தவர் என் மனிசன் லியோன். எங்களுடைய கலியாணத்துக்கு மட்டும் வீடியோ இல்லை. அவர் வேதக்காரர், நான் சைவம். இரண்டு வீட்டிலும் கதவைச் சாத்திவிட்டார்கள். பதிவுக் கந்தோரில் கையெழுத்துப் போட்டுவிட்டு பஸ் பிடித்து வந்தோம். அன்றைக்கு எடுத்த ஒரேயொரு போட்டோவிலும் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார்.

மார்கழியில் கலியாணம் இல்லை. லைற்றுக்கு வேலை இல்லாவிட்டால் தன் தமையனின் படகை எடுத்துக்கொண்டு கடலுக்குப் போவார். போன மார்கழியில் படகு எழுவைதீவுப் பக்கம் ஒதுங்கியது. அவர் ஒதுங்கவில்லை. அவருடைய போனும் அவரோடு போய்விட்டது. மகளைத் தூக்கி வைத்துக்கொண்டு எடுத்த வீடியோவெல்லாம் அதற்குள்தான் இருந்தன. என்னிடம் இருந்தது பட்டன் போன்.

ஜொய்சிக்கு மூன்றரை வயது. அவருடைய அடையாள அட்டைப் படத்தைக் காட்டினால், "ஆர் இந்த மாமா?" என்கிறாள். முதல்தரம் அதைக் கேட்டபோது எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அட்டையை அடுப்புக்குள் போட்டிருப்பேன். பிள்ளையைச் சொல்லி என்ன? வீடியோவிலாவது அவர் ஒருதரம் நடந்து, ஒருதரம் சிரித்து அவள் பார்த்துவிட வேண்டும். முற்றாக மறந்துபோவதற்கு முன்னால்.

அதனால்தான் அவளையும் தூக்கிக்கொண்டு டெனிஸ்ரன் அண்ணையின் ஸ்ரூடியோவுக்குப் போனேன். லியோனைக் கூட்டிக்கொண்டு திரிந்த வீடியோக்காரர் அவர்தான். மனிசர் நல்லவர், வேலைதான் கோமாளித்தனம். கலியாணப் பொம்பிளையின் முகத்தை மாவில் புரட்டிய மாதிரி வெள்ளையாக்குவார், வானத்திலிருந்து பூக் கொட்டுவார், பேச்சுச் சத்தம் முழுவதையும் அழித்துவிட்டுப் பாட்டுப் போடுவார்.

லியோனுக்கு அதெல்லாம் பிடிக்காது. வேலை முடிந்து வந்து சாப்பிடும்போது போனில் ஆவணப்படம் பார்ப்பார். எங்கேயோ பனி நாட்டில் ஒரு மனுசி யன்னலோரம் இருந்து கிழங்கு உரிப்பாள். அவ்வளவுதான் படம். சோறு காயக் காயப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"இஞ்ச பாரும் கஜானி, ஒரு லைற்றும் இல்லை, யன்னல் வெளிச்சம் மட்டும்தான். எடுத்தவன் இவளோடை எத்தினை நாள் இருந்திருப்பான்? அவன் நிக்கிறதையே அவள் மறந்துபோனாள். நல்லா எடுத்தால் எடுத்தவன் தெரியமாட்டான்."

"கிழங்கு உரிக்கிறதை நான் இஞ்ச ஒவ்வொரு நாளும் காட்டுறன், அதைப் பாக்க ஒருத்தரும் இல்லை" என்று நான் நக்கலடிப்பேன். அவர் சிரிப்பார். அந்தச் சிரிப்பு இப்போது எங்கே இருக்கிறது?

லியோன் தெரிகிற வீடியோ ஏதும் இருக்கிறதா என்று கேட்டதற்கு டெனிஸ்ரன் அண்ணை தலையைச் சொறிந்தார்.

"லைற் பிடிக்கிறவர் படத்துக்குள்ளை வாறேல்லை, தங்கச்சி. வந்தால் நான் வெட்டிப்போடுவன். லியோன் நிழலைக்கூட விழ விடான்." பிறகு ஏதோ நினைவு வந்து நிமிர்ந்தார். "பொறும். பொம்பிளை மாப்பிளை வரமுதல் லைற்றைக் கம்பியிலை நிப்பாட்டிப்போட்டு அவனைத்தான் மணவறையிலை இருத்திப் பாக்கிறனான், வெளிச்சம் சரியோ எண்டு. கொஞ்ச நேரம் ஓடவிட்டு எடுப்பன். அவன் மாப்பிளை மாதிரி வெக்கப்பட்டுப் பகிடி விடுவான்."

"அது இருக்கோ அண்ணை?"

"கடைசிக் கலியாணத்தின்ரை இருக்கோணும்."

ஜொய்சியின் தலையைத் தடவி இழுத்துக் கட்டினேன், ஆரோ வீட்டுக்கு வரப்போகிற மாதிரி.

அவர் கணினியில் தேடினார். திரும்பத் திரும்பத் தேடினார். கடைசியில் கதிரையில் சாய்ந்துவிட்டார்.

"பழக்கதோசம். கமராக் கார்ட்டிலை இடம் காணாது எண்டு அதைத்தான் முதல் அழிக்கிறனான்."

அவரை என்ன சொல்லித் திட்டுவது? குப்பையை அழித்திருக்கிறார். எனக்குத்தான் அது குப்பையில்லை.

அந்தக் கலியாணத்தின் பாட்டுப் போடாத மிச்சப் பதிவு இருந்தது. ஓடவிடச் சொன்னேன். பொம்பிளை நாணிக்கொண்டு நிற்கிறாள். டெனிஸ்ரன் அண்ணையின் குரல் கேட்கிறது: "லியோன், கொஞ்சம் மேல."

"ஓம் அண்ணை" என்ற ஒரு சொல் வரும் என்று மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தேன். வரவில்லை. பொம்பிளையின் கன்னத்தில் வெளிச்சம் மட்டும் மெல்ல மேலே ஏறியது.

பிறகு அவள் நிலைக்கண்ணாடிக்கு முன்னால் நின்று பொட்டு வைத்தாள். கண்ணாடிக்குள் அவளுக்குப் பின்னால் மடித்துவிட்ட காற்சட்டை, வெறுங்கால். பார்த்தவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது.

"நிப்பாட்டுங்கோ!"

நிறுத்தினார். கால் இருந்தது, இடுப்பு இருந்தது. முகம் இருக்கவேண்டிய இடத்தில் லைற். வெள்ளையாய் ஒரு வட்டம்.

"வெளிச்சத்தைக் குறைச்சுப் பாருங்கோ அண்ணை."

குறைத்தார். வெள்ளை சாம்பலானது. இன்னும் குறைத்தார். பொம்பிளை இருண்டுபோனாள். வட்டம் வெறும் வட்டமாகவே இருந்தது.

"இவ்வளவு வெளிச்சம் அடிச்சால் அதுக்குள்ளை ஒண்டும் பதியாது, தங்கச்சி. என்னாலை எடுக்க ஏலாது."

நான் பாழாய்ப்போன அந்த லைற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நிழலைக்கூட விழவிடாத கெட்டிக்காரர். ஒரு நாளைக்காவது பிழையாய்ப் பிடித்திருக்கக்கூடாதா?

ஜொய்சி மடியில் இருந்தபடி கேட்டாள். "அப்பா எங்கை அம்மா?"

"அந்த லைற்றுக்குப் பின்னாலை நிக்கிறார், குஞ்சு."

அவள் மடியிலிருந்து வழுக்கி இறங்கினாள். மேசையைச் சுற்றிக்கொண்டு கணினித் திரைக்குப் பின்னால் போனாள். அங்கே வயர்களும் சுவரும்தான். டெனிஸ்ரன் அண்ணை முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஜொய்சி கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டுத் திரும்பி வந்து என் மடியில் ஏறினாள்.

"ஒருத்தரும் இல்லை" என்றாள்.

அழவில்லை. பஸ்ஸில் நித்திரையாகிவிட்டாள். அன்றைக்குப் பிறகு அவள் அப்பாவைக் கேட்பதில்லை.