சமையலில் ஃபெயில்

"என் பொண்ணு சமையல்ல ஃபெயிலாமே, எப்படிங்க டீச்சர்?"

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாள் காலையில், ஆசிரியர் அறை வாசலில் நின்று ஜான் பீ கேட்ட முதல் வார்த்தை இதுதான். வணக்கம் கிணக்கம் ஒன்றும் இல்லை. பக்கத்தில் அவள் மகள் அன்ஜும், அழுது வீங்கிய முகத்தோடு. பானுமதி டீச்சர் அப்போதுதான் திறந்த டிபன் டப்பாவை மூடி வைத்தாள். இனி எங்கே இறங்கப்போகிறது சாப்பாடு?

"எங்க சொந்தக்காரங்க வூட்டு விசேஷத்துக்கெல்லாம் பிரியாணி ஆக்கறது இவதாங்க. தமிழ்ல பாஸு, இங்கிலீசுல பாஸு, எல்லாத்துலயும் பாஸு. அடுப்புல போயி ஃபெயிலுன்னா தெருவே சிரிக்குது. நான் எங்க கொண்டுபோய் முகத்த வெச்சுக்கறது?"

"அது சமையல் இல்லைங்கம்மா. மனையியல்னு ஒரு பாடம்."

"அதத்தானே நீங்க சொல்லிக் குடுத்தீங்க?"

பானுமதிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஜான் பீ மேல் இல்லை. அந்தக் கேள்விக்கு ஆமாம் என்றும் சொல்ல முடியாமல் இல்லை என்றும் சொல்ல முடியாமல் தன்னை நிறுத்தி வைத்திருந்தார்களே, அவர்கள் மேல்.

பானுமதி எம்.ஏ. வரலாறு. பானிபட்டுப் போரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். மனையியல் எடுத்துக்கொண்டிருந்த நிர்மலாதேவி மாறுதல் வாங்கிக்கொண்டு ஓசூர் பக்கம் போனதிலிருந்து அந்த இடத்துக்கு ஆளே வரவில்லை. தலைமையாசிரியர் நஞ்சப்பன் ஒருநாள் மீட்டிங்கில், "மனையியலையும் நீங்களே பாத்துக்கோங்கம்மா" என்று பானுமதியின் தலையில் கட்டினார்.

"எனக்கு அதுல டிகிரி இல்லைங்க சார்."

"பொம்பளை சமைக்கறதுக்கு டிகிரி கேப்பாங்களா? வூட்ல பண்றதத்தானே இங்க வந்து சொல்லப் போறீங்க."

மீட்டிங்கே சிரித்தது. பானுமதியும் ஒப்புக்குச் சிரித்து வைத்தாள். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் தன் வாயிலேயே ஒன்று போட்டுக்கொள்ளலாம் போலிருந்தது.

இயற்பியலுக்கு ஆள் இல்லையென்று ஒயரிங் வேலைக்காரரைக் கூப்பிட்டு வகுப்பெடுக்கச் சொல்வார்களா? கணக்குக்கு மளிகைக் கடைக்காரரை? ஊரே திரண்டு வந்துவிடும். மனையியல் என்றால் மட்டும் புடவை கட்டிய யாரை வேண்டுமானாலும் கொண்டுவந்து நிறுத்தலாம். மார்க் குறைந்த பிள்ளைகளைத் தள்ளிவிடுகிற குரூப், அதுவும் பெண் பிள்ளைகள். கேட்க நாதி ஏது?

மனையியல் ஆய்வகம் இருந்த லட்சணம் வேறு. பேர்தான் ஆய்வகம், நடந்ததென்னவோ பள்ளிக்கூடத்து டீக்கடை. எந்த அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினாலும் மனையியல் பிள்ளைகள் வகுப்பை விட்டு எழுந்து பஜ்ஜி போடப் போக வேண்டும். பெரிய அதிகாரி என்றால் ஒகேனக்கல்லிலிருந்து மீன் வரும். "பிராக்டிக்கல்தானே, கை பழகட்டும்" என்பார் நஞ்சப்பன். செய்முறைத் தேர்வு அன்றைக்கும் அதேதான். தேர்வாளருக்கு விருந்து வைத்தால் மார்க் தானாக விழும் என்று அன்ஜுமை விடியற்காலையிலேயே வரவழைத்து பிரியாணி ஆக்கச் சொன்னார். வந்த தேர்வாளரும் வேறு பாடத்துக்காரர்தான். வயிறு நிறையச் சாப்பிட்டார், கைமணம் என்றார், எல்லாருக்கும் முழு மார்க் போட்டார். அன்ஜுமிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

கேள்வியெல்லாம் எழுத்துத் தேர்வில்தான் வந்தது.

"உள்ள வந்து உக்காருங்கம்மா," என்று ஜான் பீக்கு நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு, "அன்ஜும், என்னதான் எழுதின நீ?" என்று கேட்டாள் பானுமதி. கேட்ட குரலில் கொஞ்சம் அதட்டல் இருந்தது. இத்தனைக்கும் நடுவில் பழியைப் பிள்ளை மேல் போடத்தான் மனசு பார்த்தது.

அன்ஜும் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "பெரிய கேள்வில, அரிசியும் பருப்பும் சேத்து ஏன் சாப்பிடறோம்னு கேட்டாங்க மிஸ். விளக்குகன்னு."

"என்ன விளக்கின?"

"சேத்துச் சாப்பிட்டா ருசியா இருக்கும், வெறுஞ்சோறு எறங்காதுன்னு எழுதினேன்."

"ஏன்டி, பரீட்சைல போயி யாராச்சும் இப்படி எழுதுவாங்களா?"

"நீங்கதானே மிஸ் அப்படிச் சொன்னீங்க."

பானுமதிக்கு அது நினைவுக்கு வந்தது. சொன்னதுதான். அன்றைக்கும் யாரோ அதிகாரி வருவதாக இருந்தது. மீன் கழுவப் பிள்ளைகளை அனுப்புகிற அவசரத்தில் அன்ஜும் எழுந்து இதையேதான் கேட்டாள். "வேற எதுக்கு, ருசிக்குத்தான். வெறுஞ்சோறு எறங்குமா?" என்று சொல்லிவிட்டு பானுமதியும் அடுப்படிக்குப் போனாள். அரிசியின் புரதத்தில் இல்லாததைப் பருப்பின் புரதம் ஈடுகட்டுகிறது என்று பாடப்புத்தகத்திலேயே இருந்தது. வேதியியல் மாதிரி இருக்கிறதே என்று பானுமதி ஒதுக்கி வைத்த பாடம் அது. அவளே பரீட்சை முடிந்த பிறகுதான் படித்தாள்.

"பெரியாஸ்பத்திரில இவங்கப்பாவுக்கு சக்கரை வந்து கால் புண்ணோட கெடந்தப்ப," என்று ஜான் பீ ஆரம்பித்தாள். இப்போது குரலில் சண்டை இல்லை. "ஒரு மேடம் வந்து இத சாப்பிடு, இத சாப்பிடாதன்னு சொல்லுவாங்க. டாக்டரே அவங்க பேச்சக் கேப்பாரு. நானும் அது மாதிரி ஆவேன்னுதான் இவ இந்த குரூப்பு எடுத்தா. பத்தாவதுல மார்க் நெறைய இருந்துச்சுங்க. வேற குரூப்பே குடுக்கறேன்னாங்க, இவதான் மாட்டேன்னா."

நம்பி வந்த பிள்ளை. தள்ளிவிடப்பட்டு வந்தவள்கூட இல்லை, தேடி வந்தவள். மன்னிச்சிடு என்று சொல்ல வாயெடுத்தாள் பானுமதி. அதை வைத்துக்கொண்டு இந்தப் பெண் என்ன செய்வாள் என்று தோன்றியது. சொல்லவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் நஞ்சப்பன் உள்ளே வந்தார். ஜான் பீயைப் பார்த்ததும், "துணைத் தேர்வு இருக்குதும்மா, எழுதிக்கலாம்" என்றார். பிறகு பானுமதியிடம் குரலைத் தாழ்த்தி, "இந்த குரூப்புக்கு வர்றதுங்களே மக்குங்க. நாம என்ன பண்றது? அத விடுங்க. கூடத்துல பிளஸ் ஒன் சேக்க வந்திருக்காங்க. மனையியல் பத்தி நாலு நல்ல வார்த்தை சொல்லுங்க வாங்க" என்றார்.

மக்குங்க. அந்த வார்த்தை பானுமதியின் உச்சந்தலைக்கு ஏறியது. விறுவிறுவென்று கூடத்துக்கு நடந்தாள். நஞ்சப்பன் பின்னால் வந்தார். ஜான் பீயும் அன்ஜுமும்கூட வந்தார்கள்.

கூடத்தில் பெண் பிள்ளைகளோடு அம்மாக்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். பானுமதி மைக்கைத் தொடவில்லை. அவள் தொண்டையே போதும்.

"மனையியல் நல்ல பாடம். ஆஸ்பத்திரி வேலை வரைக்கும் போகலாம். ஆனா இந்தப் பள்ளிக்கூடத்துல அதுக்கு டீச்சர் இல்லைங்க. போன வருசம் இருந்ததும் டீச்சர் இல்லை. அதனாலதான் பிள்ளைங்க ஃபெயிலு."

முன்வரிசையில் மகள் காவேரியோடு உட்கார்ந்திருந்த செல்லம்மாள் என்கிற அம்மா நிமிர்ந்தாள். "அப்ப நீங்க யாருங்க?"

"நான் வரலாறு. எனக்கு மனையியல் தெரியாது. தெரியாமயே நடத்தினேன்."

நஞ்சப்பன் முகம் செத்துப்போனது. "என்ன பேசறீங்கம்மா? யாரும் சேரலைன்னா குரூப்பை மூடிடுவாங்க. அந்தப் போஸ்ட்டே போயிடும்!"

"ஆளில்லாத போஸ்ட்டை வெச்சு என்ன சார் பண்றது? பொட்டு வெச்சுக் கும்பிடறதா?"

கூடத்தில் சலசலப்பு எழுந்தது. செல்லம்மாள் காலை நன்றாக நீட்டி உட்கார்ந்துகொண்டாள். "யாருங்க சேர மாட்டேன்னது? சேக்கறோம். மேல யாருக்குப் போன் போடணுமோ போடுங்க. டீச்சர் வர்றாங்கன்னு சொல்லட்டும், அப்புறம் கையெழுத்து. அதுவரைக்கும் இங்கயேதான் இருப்போம்." ஜான் பீ போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். போகலாமா என்று எழுந்த இரண்டு அம்மாக்களும் மறுபடி உட்கார்ந்துவிட்டார்கள்.

எந்தச் சிக்கலுக்கும் நஞ்சப்பனுக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்று. முகத்தில் சிரிப்பை வரவழைத்துக்கொண்டு திரும்பினார்.

"மொதல்ல எல்லாரும் டீ சாப்பிடுங்க, உக்காந்து பேசிக்கலாம். அன்ஜும், போய் எல்லாருக்கும் டீ போட்டுட்டு வாம்மா."

அன்ஜும் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரை நேராகப் பார்த்தாள்.

"நான் சமையல்ல ஃபெயிலுங்க சார். எனக்கு டீ போடத் தெரியாது."

யாரும் சிரிக்கவில்லை. அவள் நடந்துபோய் அம்மா பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.