இரண்டாவது பிரேக்

"அப்பா, இனிமே நான் சித்தப்பாகிட்டயே கார் ஓட்டக் கத்துக்கறேன்" என்று மகள் சொன்னபோது, மாஸ்டருக்கு வாயிலிருந்த டீயை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. இருபத்திரண்டு வருஷமாக அடுத்தவர் பிள்ளைகளுக்கெல்லாம் டிரைவிங் சொல்லிக்கொடுக்கிற மனிதர். அவருடைய சொந்தப் பெயர் மனைவிக்கே மறந்துபோய், அவளும் கோபம் வந்தால் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவாள். பெற்ற பெண்ணுக்குப் பதினோரு வகுப்பு எடுத்திருந்தார். அவள் பன்னிரண்டாவதற்குத் தம்பியிடம் போகிறாளாம்.

"அதுக்கென்னம்மா, சந்தோஷம். யார்கிட்ட கத்துக்கிட்டா என்ன?" என்றார்.

சந்தோஷமாவது, மண்ணாவது! வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. ஆனால் மாஸ்டருக்குக் கோபம் வராது என்பது அந்த வீட்டின் சட்டம்; அவரே போட்ட சட்டம். நாலு வருஷத்துக்கு முன்னால் ரத்த அழுத்தம் எகிறி டாக்டர் மிரட்டியதிலிருந்து, தினமும் காலையில் நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்து தியானம் செய்கிறார். போனில் ஒரு பெண்குரல் வழிகாட்டும். உச்சந்தலையைக் கவனியுங்கள், நெற்றியைக் கவனியுங்கள் என்று ஒவ்வொரு உறுப்பாகக் கீழே இறங்கிவரும் இருபது நிமிஷப் பதிவு அது. முழங்காலுக்கு வருவதற்குள் வண்டி கற்றுக்கொள்ள முதல் ஆள் வந்து வாசலில் மணியடித்துவிடுவார். நாலு வருஷத்தில் ஒருநாள்கூட அவர் முழங்காலைத் தாண்டியதில்லை. அதற்குக் கீழே கவனிக்க அப்படி என்ன இருந்துவிடப் போகிறது என்று விட்டுவிட்டார்.

அன்றைக்கும் உட்கார்ந்தார். "எண்ணங்கள் வந்தால் வரட்டும். விலகி நின்று பாருங்கள்" என்றது குரல். வந்தது எண்ணமா? தம்பி வந்தான். வேர்க்கடலையை மென்றுகொண்டு, ஈ என்று இளித்துக்கொண்டு, நேராக வந்து நடு மண்டையில் உட்கார்ந்துகொண்டான். மாஸ்டர் விலகி நின்று பார்த்தார். அவன் அசையவில்லை.

அண்ணனும் தம்பியும் சேர்ந்து நடத்துகிற டிரைவிங் ஸ்கூல் அது. ஒரே ரகத்தில் இரண்டு சின்னக் கார்கள். ஆளுக்கொன்று. ஓட்டுகிறவருக்கு ஒரு பிரேக் இருப்பதுபோல, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறவர் காலடியிலும் இன்னொரு பிரேக் உண்டு. ஆபத்து வந்தால் அமுக்க. அலுவலக அறை என்று சொல்லிக்கொள்ளும் முன்னறையின் சுவரில், முதல் டெஸ்டிலேயே பாஸானவர்களின் படங்களைக் குத்திவைப்பது வழக்கம். இடது பக்கம் அண்ணனிடம் கற்றவர்கள், வலது பக்கம் தம்பியிடம் கற்றவர்கள். நாலைந்து வருஷமாக வலது பக்கத்தில் இடமில்லை. படத்தின்மேல் படம் குத்துகிறார்கள். இடது பக்கத்தில் பல்லி தாராளமாக உலாவுகிறது.

இதுதான் அவருக்கு ஆறவேயில்லை. தம்பி வண்டியில் ஏறினால் வாயை மூடமாட்டான். பாடுவான், ஊர்க்கதை பேசுவான், மாமியார் சண்டையெல்லாம் விசாரிப்பான். ஐந்து நிமிஷம் கண்ணை மூடி உட்காருடா என்றால், "கண்ணை மூடினா தூங்கிடுவேன்ணே" என்பான். மாஸ்டரோ குரலை உயர்த்தினதே கிடையாது. "மாஸ்டர் எவ்வளவு அமைதி!" என்று சொல்லாதவர் இல்லை. அப்படிச் சொல்லிவிட்டு, வகுப்பு முடிந்து இறங்கும்போது எல்லோருக்கும் முதுகு வியர்வையில் நனைந்திருக்கும். டெஸ்டுக்குப் போய் கோட்டைத் தாண்டி நிறுத்திவிட்டு, ஃபெயில் என்று வந்து நிற்பார்கள். பேக்கரி வைத்திருக்கிற அம்மா ஒருத்தி மூன்று தடவை ஃபெயில். மூன்று தடவையும் அவளுக்குப் பொறுமையாக ஆறுதல் சொன்னவர் அவர்தான்.

மகளும் அப்படித்தான். நன்றாக ஓட்டிக்கொண்டே வருவாள், சந்திப்பு நெருங்கும்போது திடுதிப்பென்று தலையைத் திருப்பி அவர் பக்கம் கீழே பார்ப்பாள். "கீழ என்னம்மா பார்வை? ரோட்டைப் பாரு" என்று பதினோரு வகுப்பிலும் சொல்லியிருக்கிறார், அதே அமைதியோடு. இரண்டு வாரத்தில் டெஸ்ட். லைசென்ஸ் இருந்தால்தான் அவளுக்குப் புது வேலை. இந்த நேரத்தில் ஆளை மாற்றுகிறாள் என்றால் என்ன அர்த்தம்? அப்பா லாயக்கில்லை என்று அர்த்தம். ஒரே பெண், அவளும் அந்தப் பக்கம் போய்விட்டால் தனக்கென்று யார் மிச்சம்?

அந்த வாரம் முழுக்க அவர் கண்கொத்திப் பாம்பாகத் திரிந்தார். பிரேக் பேட் மாற்ற வண்டியை மெக்கானிக்கிடம் விட்டுவிட்டு, ஷெட் வாசலில் நின்றிருந்தபோது தம்பியின் கார் எதிரே போனது. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மகள் சிரித்தாள், வாய்விட்டு. தன் வண்டியில் அவள் ஒருநாளும் பல்லைக் காட்டினதில்லை.

"மாஸ்டர், ரெண்டும் ஒரே வண்டி, ஒரே வயசு. உங்க வண்டிக்கு மட்டும் பிரேக் பேட் இப்படித் தேயுதே, எப்படி?" என்றார் மெக்கானிக்.

"எனக்கு வாய்ச்சவங்க அப்படி" என்றார் மாஸ்டர். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

அன்று சாயங்காலம் அவர் ஒரு காரியம் செய்தார். வகுப்பு நோட்டில், தம்பியின் பக்கத்தில், மகளுக்குக் குறித்திருந்த புதன்கிழமை நேரத்தில் வேறொருவர் பெயரை எழுதிவைத்தார். தியானம் செய்கிற கைதான் எழுதியது. புதன்கிழமை இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வந்து நின்றார்கள். தம்பி நோட்டைப் பார்த்தான், அண்ணன் கையெழுத்தைப் பார்த்தான், தலையைச் சொறிந்தான்.

"நான்தான் மறந்து ரெண்டு பேருக்கும் சொல்லிட்டேன் போல. என் தப்பு. பாப்பா, நீ நாளைக்குக் காலைல வந்துடு" என்றான். பிறகு அண்ணனிடம், "அண்ணே, நாளைக்கு உங்களுக்கு வகுப்பு இல்லையே. நீங்களும் வாங்களேன். பின்னாடி உக்காந்து, எங்கயாவது தப்பா சொல்லிக்குடுத்தா சொல்லுங்க" என்றான்.

ஒழுங்காக ஒரு அற்பத்தனம் செய்யக்கூட இவன் விடமாட்டேன் என்கிறானே என்று மாஸ்டருக்கு எரிச்சல் இரட்டிப்பானது. ஆனாலும் போனார். தப்புக் கண்டுபிடிக்கத்தான் போனார்.

காலையில் பின் சீட்டில் நடுவாக உட்கார்ந்தார். தம்பி பேசிக்கொண்டே வந்தான். கியர் மாற்றியது சரி, திரும்பியது சரி. மாஸ்டருக்கு ஒரு குறையும் அகப்படவில்லை. சரிவில் இறங்கினால் ஒரு நாற்சந்தி. இடது பக்கத்திலிருந்து ஒரு பஸ் வந்துகொண்டிருந்தது. போச்சு, இப்போதே பிடிக்க வேண்டும் என்று நினைத்தார். நினைத்து முடிப்பதற்குள் அவருடைய வலது கால் தரையை ஓங்கி மிதித்திருந்தது.

அங்கே பிரேக் இல்லை. தரையில் விரித்த வெறும் மிதியடிதான். வண்டி போய்க்கொண்டே இருந்தது. ஒரு நொடிதான். மகள் தானாகப் பிரேக் பிடித்தாள். கோட்டுக்கு ஒரு சாண் முன்னால், குலுங்காமல் நின்றது. பஸ் போனது.

மாஸ்டர் முன்னால் எட்டித் தம்பியின் காலைப் பார்த்தார். செருப்பைக் கழற்றிப்போட்டு, வலது காலை மடக்கிச் சீட்டின்மேல் வைத்திருந்தான். கீழே அந்த இரண்டாவது பிரேக்கின் ரப்பரில் வரிகள் புதுசாக, தூசு படிந்து கிடந்தன. தன் வண்டியில் அதே ரப்பர் வழவழவென்று கண்ணாடியாகத் தேய்ந்திருப்பது அப்போது ஞாபகம் வந்தது. அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

வண்டியை ஓரங்கட்டச் சொன்னார்.

"ஏம்மா, என் வண்டில நான் பிரேக்கை அமுக்கறேனா?"

மகள் கண்ணாடியில் அவரைப் பார்த்தாள். "நான் பிடிக்கறதுக்கு முன்னாடியே நின்னுடும்பா. மொதல்ல நான்தான் பிடிக்கறேன்னு நெனச்சேன். அப்புறம்தான் உங்க காலைப் பார்த்தேன்."

"ஏன் சொல்லல?"

"எப்படிப்பா சொல்றது? பயம், கோபமெல்லாம் போயிடுச்சுன்னு நாலு வருஷமா சொல்றீங்க. காலைல எந்திரிச்சு அவ்வளவு ஆசையா உக்காறீங்க. உங்க கால் இன்னும் பயப்படுதுன்னு நான் போய்ச் சொன்னா மனசு விட்டுடுவீங்கன்னுதான் சித்தப்பாகிட்ட மாறிக்கிட்டேன்."

மாஸ்டர் குனிந்து தன் வலது காலைப் பார்த்தார்.

தம்பி வேர்க்கடலைப் பொட்டலத்தை நீட்டினான். "எனக்கும் பயம்தாண்ணே. தினமும் பயம். அதான் பேசிக்கிட்டே வர்றேன். எனக்கு வாய்ல போகுது, உங்களுக்குக் கால்ல போகுது."

அடப்பாவி, இதையும் இவனா முதலில் கண்டுபிடித்தான்! அந்த நிலைமையிலும் அவருக்குப் பொறாமை வந்தது. ஆனால் இந்தத் தடவை அது வருவது அவருக்கே தெரிந்தது. முதலில் வயிற்றில் ஒரு சூடு, பிறகு தொடை இறுகியது, பிறகு வலது பெருவிரல் மிதியடியை அழுத்தியது. பொறாமைக்கும் பயத்துக்கும் அந்தக் காலில் ஒரே இடம்.

மறுநாள் வாசல் மணியடித்தும் அவர் எழுந்திருக்கவில்லை. பத்து நிமிஷம் உட்காரச் சொல்லு என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, பதிவை முழுக்கக் கேட்டார். முழங்கால், கெண்டைக்கால், பாதம். நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் அவருடைய வலது பாதம் தரையை அமுக்கிக்கொண்டுதான் இருந்தது. எதை நிறுத்தப் பார்க்கிறது அது? விடு என்று சொன்னார். விடவில்லை. நெடுநேரம் கழித்துக் கொஞ்சம் விட்டது.

காத்திருந்தது பேக்கரி அம்மாள். வண்டியில் ஏறியதும் மாஸ்டர் ஷூவைக் கழற்றி, வலது காலை மடக்கிச் சீட்டில் வைத்தார். ஸ்டியரிங்கைப் பிடித்த அவள் விரல்கள் வெளுத்திருந்தன. மூன்று தடவை ஆறுதல் சொல்லியும் அந்த விரல்களை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை.

"அம்மா, இத்தனை நாளா உங்க பிரேக்கை நான்தான் பிடிச்சிருக்கேன், எனக்கே தெரியாம. டெஸ்ட்ல என் கால் இல்ல, அதான் கோட்டைத் தாண்டிட்டீங்க. மூணு தடவையும் ஃபெயிலானது நீங்க இல்ல."

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தார். "என் வீட்டுல எவ்வளவு கேலி பண்ணினாங்க தெரியுமா மாஸ்டர்?" என்று அவள் பிடிபிடியென்று பிடித்தாள். அவர் ஆறுதல் சொல்லாமல் முழுவதையும் கேட்டுக்கொண்டார். கால் மடங்கியே இருந்தது, மரத்துப்போனது.

மகள் முதல் டெஸ்டிலேயே பாஸ். மூவரும் முன்னறைச் சுவருக்கு முன்னால் நின்றார்கள். படத்தை வைத்துக்கொண்டு அவள் இந்தப் பக்கமும் பார்க்காமல் அந்தப் பக்கமும் பார்க்காமல் விழித்தாள். மாஸ்டர் அதை வாங்கி, வலது பக்கத்தில், தம்பியின் கூட்டத்துக்கு நடுவில், தானே குத்தினார். ஊசி சுவரில் இறங்கும்போது நெஞ்சிலும் இறங்கியது.

"எனக்கு வயிறு எரியுதுடா" என்றார்.

"தெரியும்ணே."

"அந்த நோட்டுல எழுதினது நான்தான்."

"அதுவும் தெரியும்ணே" என்றான் தம்பி. "உங்க எழுத்து மாதிரி யாருக்கு வரும்? எனக்குக் கோழி கிளறினது மாதிரியில்ல இருக்கும். அதுல எனக்கு எப்பவும் ஒரு கடுப்பு."

மகள் மாஸ்டரின் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டாள். "வாங்கப்பா, ஒரு சுத்து போயிட்டு வரலாம். முன்னாடி உக்காருங்க."

அவர் ஏறி, ஷூவைக் கழற்றி, காலை மடக்கிக்கொண்டார். சரிவில் வண்டி இறங்கியது. நாற்சந்தியில் ஒரு லாரி வந்தது. வயிற்றில் சூடு, தொடையில் இறுக்கம், எல்லாம் வரிசையாக வந்தன. "பயமா இருக்கும்மா" என்றார் வாய்விட்டு.

"எனக்கும்தான்பா" என்று சொல்லி, மகள் பிரேக் பிடித்தாள். கோட்டுக்கு முன்னால் வண்டி நின்றது. அதுவரைக்கும் அவள் ஒரு தடவைகூடக் கீழே பார்க்கவில்லை.