மாதிரி எண் ஏழு

பவ்யாவின் ஆய்வுக் கட்டுரை வெளிவந்த ஆறு வருஷத்தில், முன்னூற்றுப் பன்னிரண்டு கட்டுரைகள் அதை மேற்கோள் காட்டியிருந்தன. பெங்களூரில் அவள் வேலை பார்த்த கல்லூரியில், சூழலியல் துறைக்கே அதுதான் பெருமை. தங்கத்தைப் பிரித்தெடுத்தபின் கொட்டிய சயனைடு மேட்டு மண்ணிலிருந்து ஆர்செனிக் என்ற நஞ்சு எப்படி நிலத்தடி நீருக்கும் கீரைக்கும் போகிறது என்று அதில் எழுதியிருந்தாள்.

முன்னூற்றுப் பதின்மூன்றாவது ஆள் சிலி நாட்டிலிருந்து கடிதம் எழுதினாள். இசபெல்லா என்று பெயர். அவளும் ஆர்செனிக் பற்றித்தான் ஆராய்கிறாளாம். ‘உங்கள் மாதிரி எண் ஏழில் அளவு பயமுறுத்துகிறது. அந்தத் தண்ணீரைக் குடித்தவர்கள் இப்போது எப்படி இருக்கிறார்கள்?’

மாதிரி எடுத்தபின் பவ்யா அந்தப் பக்கம் போகவே இல்லை.

எண் ஏழு, தங்கச் சுரங்க ஊரான கோரமண்டலில் கீரை போட்டு விற்கும் சரோஜம்மா வீட்டு போர் தண்ணீர். முடிவு கையில் கிடைத்தபோது, “முதலில் கட்டுரை வரட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்” என்றார் வழிகாட்டிப் பேராசிரியர். கட்டுரை வந்ததும் மாவட்ட சுகாதார அலுவலகத்துக்கு ஒரு பிரதி அனுப்பினாள். பதில் வரவில்லை. பிறகு வேலை கிடைத்தது, கல்யாணம் ஆனது. சரோஜம்மாவிடம் சொல்லக் கூடாதென்று யாரும் அவளைத் தடுக்கவில்லை. போகலாம் போகலாம் என்றே நாள் போய்விட்டது.

சனிக்கிழமை பங்காரப்பேட்டையில் ரயில் மாறி, கோரமண்டலில் இறங்கினாள்.

சரோஜம்மா வாசலில் அரைக்கீரையைக் கட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். ஐம்பது வயதுகூட ஆகவில்லை. முகத்தில் எலும்பு தெரிந்தது.

“பவ்யாவா? இன்னாமா, இத்தினி வருசம் கழிச்சு? உள்ள வா.”

நார் சுற்றிய வலது கையில் ஆள்காட்டி விரல் இல்லை. உள்ளங்கை முழுக்க அரிசி அரிசியாகக் காய்ப்பு.

“கையில என்னாச்சுக்கா?”

“புண்ணு வந்துச்சு. ஆறவே இல்ல. மூணு வருசம் களிம்புதான் தடவிக்கினு இருந்தேன். அப்புறம் பெங்களூருல கேன்சருன்னு எடுத்துட்டாங்க. எந்தத் தண்ணி குடிக்கறீங்கன்னு அந்த டாக்டரு கேட்டாரு. போர் தண்ணி, நல்லாத்தான் கீதுன்னு சொன்னேன்.”

அந்தத் தண்ணீரில் விஷம் இருந்ததை பவ்யா சொன்னாள். எல்லாவற்றையும், தேதியோடு.

சரோஜம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். கட்டிய கீரையைக் கீழே வைத்தாள்.

“அப்பவே தெரியுமா உனக்கு?”

“தெரியும்க்கா.”

“அந்தப் புக்குல எம்பேரு போட்டுக்கீதா?”

“பேர் போடக்கூடாது. ஏழுன்னு நம்பர் போட்டிருக்கேன்.”

“எத்தினி பேரு படிச்சாங்க?”

“முன்னூறு பேருக்கு மேல அதை வச்சு எழுதியிருக்காங்க.”

“முன்னூறு பேரு,” என்றாள் சரோஜம்மா. “ஒருத்தரு வந்து சொல்லலியே.”

காலேஜிலிருந்து வந்த மகள் வின்னி, விஷயத்தைக் கேட்டதும் தோட்டத்துக்குப் போனாள். பாத்தி பாத்தியாகக் கீரையைப் பிடுங்கிப் போட்டாள். அவளை யாரும் நிறுத்தவில்லை.

அடுத்த வாரமே சரோஜம்மா வீட்டில் போர் மோட்டாரின் வயரைக் கழற்றினார்கள். அந்தத் தெருவில் ஒன்பது குடும்பங்களுக்கு அதுதான் தண்ணீர். டேங்கர் வருவது எட்டு நாளைக்கு ஒருமுறை. பத்தாம் நாள் யாரோ வயரை மாட்டிவிட்டார்கள். பவ்யா ஓடிப்போய், அதைக் குடிக்க வேண்டாமென்று சொன்னாள். குடத்தோடு நின்ற ஒருத்தி, “வேற தண்ணி கொண்டாந்துட்டு பேசுங்க மேடம்” என்று சொல்லிவிட்டு, குடம் நிறைந்ததும் தூக்கிக்கொண்டு போனாள்.

பவ்யா அலுவலகம் அலுவலகமாக ஏறினாள். இரண்டு மாதத்தில் அந்தத் தெருவுக்கு வாரம் இருமுறை டேங்கர் வர ஆரம்பித்தது. அதற்குள் சரோஜம்மாவுக்கு இருமல் வந்துவிட்டது. ஸ்கேன் எடுத்த அன்று பவ்யாவும் கூடப் போனாள். புற்று நுரையீரலுக்குப் பரவியிருந்தது. விரலை எடுத்த அதே டாக்டர் கட்டுரையைப் புரட்டிப் பார்த்து, “இது அப்பவே என் கைக்கு வந்திருந்தா விரலோடயாவது நின்னிருக்கும்” என்று மட்டும் சொன்னார். படியிறங்கும்போது பவ்யா கை கொடுத்தாள். சரோஜம்மா ஃபைலை மட்டும் அவளிடம் நீட்டிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

புரட்டாசியில் சரோஜம்மா போய்ச் சேர்ந்தாள்.

இசபெல்லாவுக்கு பவ்யா நடந்ததை அப்படியே எழுதினாள், தான் சொல்லாமல் இருந்ததையும் சேர்த்து. பிறகு அந்தத் தெருவில் எல்லாருடைய சிறுநீரையும் ஆர்செனிக் பரிசோதனைக்கு அனுப்பினாள். இந்தமுறை கட்டுரை எதுவும் எழுதவில்லை. முடிவுகளைத் தமிழில் எழுதி, வீடு வீடாகப் போய்க் கொடுத்தாள்.

கடைசியாக வின்னி வீடு. அவள் கதவைப் பாதி திறந்து காகிதத்தை வாங்கினாள். உள்ளே வரச் சொல்லவில்லை.

“இது ஜாஸ்தியா?”

“ஜாஸ்திதான் வின்னி. திங்கக்கிழமை டாக்டர்கிட்ட போகலாம். நான் வரேன்.”

“நானே போய்க்கறேன்” என்றாள் வின்னி. “எந்த டாக்டர், எங்கன்னு மட்டும் எழுதிக் கொடுங்க.”

பவ்யா சுவரில் காகிதத்தை வைத்து எழுதிக் கொடுத்தாள்.