வியாழக்கிழமைத் தாள்

ஜாலான் புசார் தெருவில், இரும்புச் சாமான் கடைக்கு மேல்மாடியில் அழகப்பனின் அலுவலகம். கல்யாண மேடை, நாற்காலி, குத்துவிளக்கு வாடகைக்கு விடும் வியாபாரம். அந்தச் செங்குத்தான படிகளில் இரஞ்சிதம் ஏறுவது இது இரண்டாம் முறை. ஐம்பத்தொரு வயது முழங்கால் படிக்குப் படி முனகியது.

இருபத்திரண்டு வருடம் கப்பல் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்தவள். எட்டு மாதத்துக்கு முன் ஆள்குறைப்பில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சோற்றுக்குக் குறைவில்லை, கணவர் சம்பாதிக்கிறார். ஆனால் காலையில் எல்லோரும் கிளம்பிப் போனபின் குவீன்ஸ்டவுன் வீட்டுக் கதவைச் சாத்தும்போது அவளுக்கு அழுகை வந்தது. தினமும் கிளம்பிப் போக ஓர் இடம் வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

முதல் தடவை குமாஸ்தா வேலை நேர்காணலுக்கு வந்த வியாழக்கிழமை நடந்த கூத்தை என்னவென்று சொல்வது! பதினொரு மணிக்கு வரச் சொன்ன மனிதர் பன்னிரண்டரைக்கு வந்து, "நீங்க பூக்கடையிலிருந்தா?" என்றார். அனுப்பிய விண்ணப்பத்தைக் காணோம். கைப்பையிலிருந்த பிரதியைக் கொடுத்தாள், அதன்மேல் கோப்பிக் கோப்பையை வைத்தார். நடுவில் நாலு போன். நாலாவதில், ஒரே முகூர்த்தத்துக்கு ஒரே மேடையை இரண்டு வீட்டுக்குக் கொடுத்திருப்பது தெரிந்து தலையில் கைவைத்துக்கொண்டார். முன்பே எப்படித் தெரியும்? அந்த அலுவலகத்தில் எதையும் எழுதிவைக்க ஒரே இடம்தான் இருந்தது, சுவரில் தொங்கிய தினசரி காலண்டர்.

"இங்க சேந்தா மொதல்ல என்ன செய்வீங்க?"

"ஒரு நோட்டு வாங்குவேன் சார்."

அழகப்பன் வாய்விட்டுச் சிரித்தார். "சொல்லி அனுப்புறேன்லா" என்றார்.

ஆசை யாரை விட்டது? அன்று சாயங்காலமே தேக்கா கடைத்தெருவில் கெட்டி அட்டை போட்ட நோட்டு ஒன்றை வாங்கிவிட்டாள். பிறகு பன்னிரண்டு நாள், குளியலறைக்குப் போனாலும் போன் கூடவே போனது. இவள் அழைத்தால் அங்கே யாரும் எடுப்பதில்லை. அதனால்தான் நேரில் வந்திருக்கிறாள்.

அழகப்பன் அவளைக் கண்டதும் எழுந்தே விட்டார்.

"என்ன மேடம், உங்களுக்கு வேலை ஓகேன்னு சொல்லியும் திங்கக்கெழம வரவே இல்லையே!"

"யாருமே சொல்லலையே சார்."

"உங்களுக்குப் போன் பண்ணணும்னு அன்னைக்குச் சாயங்காலமே காலண்டர்ல எழுதினேனே. மங்களம்! வியாழக்கெழம தாள்ல பாக்கலையா?"

உள்ளே நாற்காலி உறைகளை மடித்துக்கொண்டிருந்த மங்களம் தலையை நீட்டினாள். "வெள்ளிக்கெழம காலையில விளக்கேத்துன கையோட கிழிச்சிட்டேண்ணே. பழைய தேதி தொங்குனா தரித்திரம்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அது சரி, தாள் எங்க?"

"அதுலதானே வடை வச்சுக் குடுத்தேன். சாப்பிட்டீங்களே."



"நீங்க வரலன்னதும் என் மச்சான் பொண்ணைப் போட்டுட்டேன்" என்றார் அழகப்பன், குரல் இறங்கிப்போய். "நாளைக்கு வருது. சாரி மேடம்."

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள். வேலை கிடைக்காவிட்டால்கூட இவ்வளவு வலித்திருக்காது. கிடைத்த வேலை ஓர் இரவு முழுக்க இந்தச் சுவரில் தொங்கியிருக்கிறது. கோபப்படக்கூட அவளுக்குத் தெம்பு இல்லை.

"அது நிலைக்காது மேடம், சின்னப் பொண்ணு. உங்க நம்பர் குடுங்க, கட்டாயம் கூப்பிடுறேன்." பேனாவோடு சுவர்ப்பக்கம் போய், இன்றைய தாளில் ஓர் ஓரத்தில் கையை ஊன்றிக்கொண்டார்.

இரஞ்சிதம் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். பிரிக்காத நோட்டு உள்ளே கனத்தது. ஒவ்வோர் எண்ணாக நிதானமாகச் சொன்னாள். எட்டு இலக்க நம்பரில் ஏழு எண்ணை மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டாள்.

அழகப்பன் எண்ணிப் பார்க்கவில்லை. அழகாக வட்டம் போட்டு, அடியில் இரண்டு கோடும் இழுத்தார்.