முதுகில் ஒட்டும் சொல்

எங்கள் ஊரில் கடுமையான சொற்களை நகராட்சியில் இரவல் வாங்கித்தான் பேச வேண்டும். 'சோம்பேறி' தாராளமாக இருக்கிறது, எழுபது பிரதி. 'போர்வெறியர்' ஒன்றே ஒன்றுதான். அதை பீரோவில் வைத்துப் பூட்டுவதும் எடுத்துக் கொடுப்பதும் என் வேலை.

செவ்வாய்க்கிழமை காலையில் தலைவர் வைரப்பெருமாள் வந்தார். அக்கரை ஊர் எங்களுக்கு முன்னால் மதியச் சங்கை ஊதிவிடுகிறது என்று ஒரு மாதமாக அவருக்கு ஆத்திரம். எதிராளியைப் போர்வெறியர் என்று அறிவித்த பிறகு போரைத் தொடங்குவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம்.

"தம்பி மாசிலாமணி, அந்தச் சொல்லை எடுங்க. ஞாயித்துக்கிழமை போர் வச்சிருக்கேன்."

"ஞாயித்துக்கிழமை எனக்குக் கல்யாணம், தலைவரே. பொண்ணு அக்கரை."

"அட, பத்திரிகை வந்துச்சே! சாப்பாட்டுக்குக் கண்டிப்பா வந்துடறேன். பாலத்தை மட்டும் மூடிடுவேன்."

மாட்டேன் என்று சொல்லத் தோன்றியது. ஆனாலும் விதி விதிதான். கையெழுத்து வாங்கிக்கொண்டு சொல்லை உறையோடு கொடுத்தேன். 'போரைத் தூண்டுகிறவர் முதுகில் மட்டுமே ஒட்டும்' என்று உறையிலேயே அச்சடித்திருக்கிறது. உறையை யார் படிக்கிறார்கள்?

தலைவர் பாலத்தின் கதவைப் பூட்டிச் சாவியை ஆற்றில் எறிந்தார். கம்பி இடுக்கில் கையை விட்டு, அந்தப் பக்கம் நின்ற அக்கரைத் தலைவி கோமதியம்மாள் முதுகில் சொல்லை ஒட்டப் பார்த்தார். ஒட்டவில்லை. போர் எவ்வளவு இனிமையானது என்று ஒரு மணி நேரம் பேசினார். அதற்குள் சொல் அவர் கை வழியே ஏறி முதுகில் போய் உட்கார்ந்துகொண்டது.

"அண்ணாச்சி, உங்களுக்குத்தான் எடுப்பா இருக்கு" என்றார் கோமதியம்மாள்.

அதன் பிறகு தலைவர் போர் என்று சொல்லும்போதெல்லாம் அது கனத்தது. சனிக்கிழமை கூன் விழுந்து என்னிடம் வந்தார்.

"இதைக் கழட்ட என்னய்யா வழி?"

"போர் வேண்டாம்னு சொல்லிப் பாருங்க."

"சரி, சங்கை அவங்களே முதல்ல ஊதட்டும்" என்றார். சொல் பொத்தென்று விழுந்தது. தலைவர் இரண்டு குதி குதித்துப் பார்த்துவிட்டு, உற்சாகமாக வீட்டுக்குப் போனார்.

பாலம் மட்டும் பூட்டியே கிடந்தது. பூட்டை உடைக்க விதியில் இடமில்லை. கல்யாணம் நடக்காது என்றே நினைத்தேன். அழுகை வந்தது, அழுதேன்.

ஞாயிறு காலையில் அந்த ஆறே கிளம்பிக் கல்யாண மண்டபத்துக்கு வந்துவிட்டது. பெண் வீட்டார் அதையும் முறையாக அழைத்திருந்தார்களாம். அது கிளம்பியதில் காலியான மணலில் மணப்பெண்ணும் சொந்தங்களும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார்கள். தாலி கட்டி முடித்ததும் ஆற்றை முதல் பந்தியில் உட்கார வைத்தோம். ஓரிலை போதாது என்று எட்டு இலை போட்டோம்.